கட்டில் பக்கத்தில் யார்?

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டு அமரவிளையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்கச் சேர்ந்த பிள்ளைகள், பழைய டீச்சரை மரியாதைக்குப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். துண்டு கொடுத்தேன், சாயா போட்டேன். பாதி சாயா இறங்குவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. கடைசி வருடம் நர்சிங் படிக்கிற பெண்களை மார்க்கைப் பார்த்து இரண்டாகப் பிரிக்கப் போகிறீர்களாம். மேலே இருப்பவர்களுக்கு மட்டும் வெளிநாட்டு லைசன்ஸ் பரீட்சைக்குப் பயிற்சி. கீழே இருப்பவர்கள் எப்படியும் தேற மாட்டார்கள், அவர்களுக்காக நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

"டீச்சர், எத்தர பேரைப் பாத்திருப்பிய. காலேஜ் மார்க்கை வெச்சு லைசன்ஸ் பரீட்சையில ஆரு தேறுவா, ஆரு தோப்பாண்ணு சொல்லிரலாம் இல்லியா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள்.

நான் என்ன கைரேகை பார்க்கிறவளா? அப்படிச் சட்டென்று கேட்டால் என்ன சொல்வது? மழை விட்டதும் உங்களை அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட வரிசையாகக் கட்டில்கள் வருகின்றன, ஜன்னல் திரை அசைகிறது, யாரோ பிளாஸ்க்கைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. சரி, எழுதியே தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் ஒன்றுமே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட மார்க் வாங்காத நர்ஸையா தேடிப் பிடிப்பார்கள்? நன்றாகப் படிக்கிற பெண் பெரும்பாலும் லைசன்ஸ் பரீட்சையிலும் நன்றாகத்தான் எழுதுவாள். மருந்து அளவைக் கணக்குப் போடத் தெரியாதவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் திடீரென்று மேதையாகிவிட மாட்டாள். ஆகவே படிக்கச் சொல்லுங்கள், மிரட்டியாவது படிக்கச் சொல்லுங்கள். ஆனால் மார்க் காட்டாத ஒரு இடம் உண்டு. அந்த இடத்தில்தான் எங்கள் கல்லூரியின் முதல் மாணவி இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். அவள் பெயரை லிஜி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஜியின் கதைக்கு முன்னால், நான் வேலை பழகிய வார்டின் மூத்த சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அந்த அம்மாவுக்கு அவ்வளவு வாய். பெயரைச் சொன்னால் இப்போதும் எழுந்து வந்து நாலு ஏச்சு ஏசிவிட்டுத்தான் போவார். வார்டுக்குள் நுழைந்தால் அவர் நோயாளியைப் பார்க்க மாட்டார். கட்டில் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் முதலில் பார்ப்பார். "கூட ஆரு?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. நாடி, காய்ச்சல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளை உங்களுக்குத் தெரியும். கூட ஆள் இல்லாமல் இங்கே யாரும் கட்டிலில் படுப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கடுதாசியில் பைஸ்டாண்டர் என்று எழுதுவார்கள். மருந்து வாங்க ஓடுவது, கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போவது, டிரிப் முடிந்தால் "சிஸ்டரே, தீந்நு" என்று கூவுவது, எல்லாம் அந்த ஆள்தான். நர்ஸ் ஒருத்தி முழு வார்டையும் சமாளிக்கிறாள் என்றால் அது அவளுடைய திறமை மட்டுமா? ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காவல் இருப்பதால்தான் முடிகிறது.

ஒருநாள் திருப்புறத்திலிருந்து ஒரு தென்னை ஏறும் தொழிலாளியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். சர்க்கரை நோய்க்காரர். காலையில் மூத்த சிஸ்டர் சுற்றி வந்தபோது அவர் கைகூப்பி, "வணக்கம் சிஸ்டர், சுகமா இருக்கேன், உங்களுக்கு நல்லது வரட்டும்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. சிஸ்டர் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். "என்னத்துக்கு இப்பிடி நிக்கே?" என்றார் சிஸ்டர். "இந்தாளு இப்பிடி மரியாதையா பேசுத ஆளில்ல சிஸ்டரே. பொழுது விடிஞ்சா என்னைத் தெறி விளிச்சு ஏசாம இருக்க மாட்டாரு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். சிஸ்டர் உடனே சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். பயங்கரமாக இறங்கியிருந்தது. இன்னும் சற்று விட்டிருந்தால் அந்த மரியாதையோடே போய்ச் சேர்ந்திருப்பார். மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியை வாய் நிறையத் திட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தப் பாடத்தைத்தான் நான் பின்னால் டீச்சராக வந்து வருடாவருடம் சொல்லிக்கொடுத்தேன். கூட நிற்பவரைப் பார், அவரிடம் பேசு, அவரை உன் பக்கம் சேர்த்துக்கொள். பிராக்டிகல் பரீட்சையில் அதற்குத் தனி மார்க் கொடுத்தேன். எழுத்துப் பரீட்சையில் எந்த விடையும் "நோயாளிக்கும் உறவினருக்கும் விளக்க வேண்டும்" என்று முடியவில்லை என்றால் எனக்குப் பிடிக்காது. அது சரியான பாடம்தான். இன்றைக்கும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன்.

இனி லிஜி. அம்பூரியில் மலைச்சரிவு ரப்பர் தோட்டத்துப் பக்கத்தில் வீடு. அப்பன் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். அவள் கல்லூரியில் முதல் மார்க் வாங்கினாள், அதுவும் சும்மா இல்லை, எந்தப் பாடத்திலும் இரண்டாவதாக வராமல் வாங்கினாள். அதைவிட, நோயாளியின் வீட்டுக்காரர்களோடு அவள் பேசுகிற அழகை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எந்தக் கட்டிலில் யாருடைய மருமகள் நிற்கிறாள், எந்தக் கட்டிலில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

படிப்பு முடிந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பினுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பினு வளைகுடாவில் ஏசி மெக்கானிக். நல்ல பையன், கொஞ்சம் கூச்சக்காரன். கல்யாணத்துக்கு வந்த லீவு, அதற்கப்புறம் ஒரு லீவு, அவ்வளவுதான் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது. மற்றதெல்லாம் போனில்தான். சாப்பிட்டியா, உறங்கினியா, மழை உண்டா. பினு இருக்கிற ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, அந்த நாட்டு லைசன்ஸ் பரீட்சையில் தேற வேண்டும். தேறினால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம்.

முதல் தடவை தோற்றாள். நாங்கள் எல்லாரும் பதற்றம் என்றோம். இரண்டாம் தடவையும் தோற்றாள். அப்போது ஊர் வாயைத் திறந்துவிட்டது. காரணம், அவளோடு படித்த ஒருத்தி, இழுத்துப் பிடித்துப் பாஸான பெண், முதல் தடவையே தேறி விமானம் ஏறியிருந்தாள். "காலேஜ்ல அந்த மார்க்கெல்லாம் எப்பிடி வந்துதோ" என்று லிஜியின் காதில் விழும்படியே பேசினார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி, இன்னும் ஒரு தடவை பார்ப்போம், அப்புறம் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்கி வைத்தவள் அப்படியே சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணு ஆயிப்போச்சு டீச்சர். படிச்சதெல்லாம் அப்பிடியே இருக்கு, ஆனா பதில் மாத்திரம் தப்பாப் போவுது. இந்தத் தடவையும் போச்சுண்ணா நான் இந்த வெள்ளை உடுப்பையே கழத்தி வெச்சிருவேன். பினுவை என்னைக்கு இனி காணப்போறேனோ."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தெரியாத பாடம் என்று எதுவும் கிடையாது. எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாகச் சொன்னாள். கடைசியில் அவள் பயிற்சி எடுக்கிற கேள்விகளில் ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

அறுவை சிகிச்சை முடிந்த முதியவர் ஒருவர் தானாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். அடுத்த அறையில் ஒரு பெண் வலிக்கு மருந்து கேட்கிறாள். முதலில் எங்கே போவாய்?

"அந்தப் பெண்ணுகிட்ட" என்றாள் லிஜி, யோசிக்காமல்.

"ஏட்டி, கிழவர் விழுந்து மண்டை உடைஞ்சா?"

"விழமாட்டாரு டீச்சர். மோன் பிடிச்சிருக்கான் இல்லியா."

"எந்த மோன்?"

"கட்டில் பக்கத்துல நிக்கானே" என்றாள்.

நான் அந்தப் புத்தகத்தை வாங்கி மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். அதில் மகனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "கண்ணை மூடு மக்கா. என்ன காணுகேண்ணு சொல்லு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவள் குரல் மெதுவாக, தூக்கத்தில் பேசுகிற மாதிரி வந்தது.

"பச்சை விரிப்பு. அப்பச்சன் எழும்புதாரு. மோன் கைலியை மடிச்சுக் கட்டிட்டு, ஒரு கையால தோளைப் பிடிச்சிருக்கான். செக் சட்டை. அவனுக்குத் தூக்கம் வருது, பாவம், ரெண்டு நாளா உறங்கல்ல. மேசையில ஆரஞ்சுப் பழம் உண்டு."

அடுத்த கேள்வி. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை. அதன் அத்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறாளாம், தலையில் துவாலை கட்டியிருக்கிறாளாம். இன்னொரு கேள்வியில் நெஞ்சடைப்பு வந்த ஒரு பெண். அவள் தனியாக வசிப்பவள் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. "அது தனியாத்தான் தாமசம் டீச்சர்" என்று லிஜி ஒத்துக்கொண்டாள். "ஆனா ஆஸ்பத்திரிக்கு அயல்வீட்டுச் சேச்சி கூட வந்திருக்கா. பிளாஸ்க்கும் கொண்டு வந்திருக்கா."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை காலம் நான் பரீட்சை வைத்த வார்டும் இதுதானே. நானும் கேள்வி எழுதும்போது அந்த ஆட்கள் எல்லாரும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். நான் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும், அவர்கள் நிற்கிறார்கள். அதனால் அவளுக்கு முழு மார்க் விழுந்தது. கடல் கடந்து கேள்வி எழுதியவனுடைய வார்டில் ஒருவரும் இல்லை. ஒரு கட்டில், ஒரு நோயாளி, ஒரு நர்ஸ், அவ்வளவுதான். இழுத்துப் பிடித்துப் பாஸான அந்தப் பெண் ஏன் தேறினாள் என்பதும் அப்போது விளங்கியது. அவள் படிப்பு முடிந்ததும் பட்டணத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே உறவுக்காரர்கள் எல்லாரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

"அவங்களை எல்லாம் வெளிய அனுப்பு" என்றேன்.

அவள் முயற்சி செய்தாள், நம்புங்கள். கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "விசிட்டிங் டைம் முடிஞ்சுண்ணு சொன்னேன் டீச்சர். போனாவ. ஆனா பாத்ரூம் வாசல்ல நிக்காவ" என்றாள்.

"அங்கேயிருந்தும் விரட்டு!"

"விரட்டலாம். பின்ன அந்த அப்பச்சன் ஒத்தையில கெடப்பாரே." அவள் கண் திறந்தபோது அதில் தண்ணீர் நின்றது. "அது எப்பிடி டீச்சர் ஒரு மனுசன் ஆஸ்பத்திரியில ஆருமில்லாம கெடக்கும்? எனக்கு அது காண வரல்ல."

இதற்கு நான் என்ன பாடம் எடுக்க? வாரக்கணக்காக அவள் வந்தாள், கேள்வி வாசித்தோம், ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எனக்கே அவர்களைத் தெரிந்துவிட்டது. செக் சட்டைக்காரனும், துவாலை கட்டிய அத்தையும், பிளாஸ்க் சேச்சியும் என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்றாவது பரீட்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் பித்தப்பையில் கல் என்றார்கள். லிஜி வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தேன். முன்னால் மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள், "பைஸ்டாண்டர் ஆரு?"

"ஆருமில்ல."

"ஹஸ்பண்ட்?"

"அவரு போயி வருசமாச்சு."

"மக்கள்?"

"மக்களும் இல்ல. நான்தான் நோயாளி, நான்தான் பைஸ்டாண்டர், எழுதிக்கோ" என்றேன். அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது என்றாள். நான் சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து லிஜி ஓடி வந்து, "நம்ம டீச்சராக்கும், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லித்தான் கட்டில் கிடைத்தது. ஜன்னல் ஓரக் கட்டில். வெளியே ஒரு பலா மரம்.

அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் மத்தியானம், வார்டில் லிஜி மட்டும் டியூட்டி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வலி குறைந்து, உடம்பு லேசாகிக்கொண்டே போனது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! நெய்யாற்றில் மல்லாந்து மிதப்பது போல இருந்தது. பலா இலைகள் ஜன்னலுக்கு உள்ளேயே அசைந்தன. அப்புறம் அவர்கள் வந்தார்கள். செக் சட்டைக்காரன் வந்து தலைமாட்டில் நின்றான். துவாலை கட்டிய அத்தை என் காலடியில் உட்கார்ந்தாள். அயல்வீட்டுச் சேச்சி பிளாஸ்க்கைத் திறந்து ஆவி பறக்க எதையோ ஊற்றினாள். ஆகா, எனக்கும் ஆள் இருக்கிறது, இனி என்ன கவலை, இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தாகமாக இருந்தது. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தெரியாதா என்ன!

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதன் அடையாளங்களை எத்தனை வகுப்பில் நானே எழுதிப் போட்டிருக்கிறேன்! தாகம், குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஓடுகிற நாடி. எனக்கே வந்தபோது நான் சிரித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதே நேரம் எதிர்க் கட்டிலில் பெரிய ரகளை. ஒரு கல்லூரிப் பையனுக்கு டிரிப் போட்டிருந்தார்கள். பாட்டில் காலியாகி ட்யூபில் ரத்தம் ஏறிவிட்டது. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர அதில் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் கட்டிலைச் சுற்றிப் பாதிக் குடும்பம் நின்றது. "எலே, சிஸ்டரை விளி! ரத்தம் கேறுது, ரத்தம் கேறுது!" என்று மாமன் கத்தினார், தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். லிஜி அங்கேதான் ஓடினாள். யாராக இருந்தாலும் அங்கேதான் ஓடுவார்கள்.

அப்புறம் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதி வழியில் அவளுக்கு என் கட்டில் கண்ணில் பட்டதாம். "ஒரு குறையும் இல்ல, சத்தமில்லாம கெடந்தீங்க. டீச்சர் உறங்குது, கூட ஆளு உண்டு, எதாவதுண்ணா விளிப்பாவண்ணு மனசுல தோணிச்சு. எப்பவும் போல. ரெண்டு அடி வெச்சேன். பின்ன ஓர்மை வந்துது. ஆளு இல்ல. டீச்சருக்கு ஆருமே இல்ல. அந்தச் சத்தமில்லாமை நல்லதில்லேண்ணு அப்பத்தான் தோணிச்சு."

அவள் அப்படியே திரும்பினாள். பையனின் மாமனைப் பார்த்து, "அண்ணா, அந்த ட்யூபுல இருக்க உருளையைக் கீழ உருட்டி அடைச்சு வையுங்க. ஒண்ணும் ஆவாது. இப்பம் வாறேன்" என்றாள். அந்த மனிதர் விடவில்லை. "பிள்ளை சாவக் கெடக்கான், நீ எங்க போறே?" என்று அவள் முன்னால் வந்து நின்றார். அவர் கையைத் தட்டிவிட்டு என் கட்டிலுக்கு வந்தாள். என் கையைத் தொட்டாள், நனைந்த துணி போலச் சில்லென்றிருந்ததாம். நாடி விரலுக்கு எட்டாமல் ஓடியதாம். மேற்கொண்டு செய்ய வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள், டாக்டரை வரவழைத்தாள், என்னை மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். என் ஞாபகத்தில் இருப்பது ஒன்றுதான். செக் சட்டைக்காரனை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு முகம் என் முகத்துக்கு மேல் வந்தது. "டீச்சர், என்னைப் பாருங்க. உறங்கப்பிடாது. நான்தான் நிக்கேன்" என்றது. மற்றவர்கள் எல்லாரும் கலைந்து போனார்கள்.

கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அந்தப் பையனின் மாமன் வந்து வெட்கப்பட்டுக்கொண்டு என் மேசையில் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு லிஜி புது சாக்கு ஒன்று கண்டுபிடித்தாள். "டீச்சரை இப்பிடி விட்டுட்டு நான் போவல்ல. பரீட்சை போனாப் போட்டும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! தையல் வலிக்க வலிக்க எழுந்து உட்கார்ந்தேன். "நான் உனக்கு நோயாளியா, சாக்கா? பினு அங்க ஒத்தையில பொங்கித் திங்கான், நீ இங்க இருந்து எனக்குக் கஞ்சி வெக்கியா? பரீட்சைக்குப் போகாம இந்த வாசப்படி ஏறினே, காலை ஒடிச்சிருவேன்" என்றேன். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பேசி அனுப்பிவிட்டேனே தவிர, அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் போனால் அந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்று பயமாக இருந்தது. அவளுக்கு நான் புதிதாக ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பிள்ளைகளே, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லூரி மார்க் என்பது நாம் பார்க்கிற வார்டில் நம் பெண் எப்படி இருக்கிறாள் என்று சொல்லும். உண்மையாகத்தான் சொல்லும். ஆனால் அந்த வார்டில் அவளோடு யார் யார் நின்று தாங்குகிறார்கள் என்று சொல்லாது. அதை நாமும் பார்க்க மாட்டோம், ஏனென்றால் நாமும் இதே ஊர்க்காரர்கள். ஆகவே இரண்டாகப் பிரிக்கிற வேலையை விட்டுவிடுங்கள். மேலிடம் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், என்னை என்ன செய்துவிடுவார்கள், ஓய்வூதியத்தைப் பிடுங்குவார்களா? முதல் மார்க்காரியோ கடைசி மார்க்காரியோ, ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வியை வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு ஆள் நிற்பார். ஒருத்திக்கு டாக்டரே வந்து நிற்பார், அவள் எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவாள். ஒருத்திக்கு நீங்களே திட்டுவதற்குத் தயாராக நிற்பீர்கள். அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் எத்தனை புத்தகம் வாங்கிக்கொடுத்தும் பிரயோஜனமில்லை.

பரீட்சை எழுதிய அன்று சாயங்காலம் லிஜி அம்பூரிக்குப் போகவில்லை. அமரவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கே வந்தாள். கம்ப்யூட்டர் பரீட்சை, முடிவு கையோடே தெரிந்துவிடும். வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள், மேலும் கீழும். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. பினுவுக்கு பஸ்ஸிலிருந்தே போன் போட்டாளாம். இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டார்களாம்.

சாயா போட்டு அவளே எனக்குக் கொடுத்தாள். "எப்பிடி மக்கா அத்தனை பேரையும் வெளிய அனுப்பினே?" என்று கேட்டேன்.

"அனுப்பல்ல டீச்சர். ஆருமே வரல்ல" என்றாள். "முதல் கேள்வியில வயித்துல ஆபரேசன் செஞ்ச ஒரு ஆளு. கண்ணை மூடினா, ஜன்னல் ஓரக் கட்டில்ல நீங்க கெடக்கீங்க. பக்கத்துல ஆருமில்ல. அடுத்த கேள்விக்குப் போனேன், அதுலயும் நீங்கதான். எல்லாக் கட்டில்லயும் நீங்கதான் டீச்சர், ஒத்தையில. பின்ன நான் தானே போணும்? போனேன்."

"எல்லாத்துலயுமா?"

"நெஞ்சடைச்ச ஆளும் நீங்க. கால் ஒடிஞ்ச லாரி டிரைவரும் நீங்க. டீச்சருக்கு லாரி ஓட்டத் தெரியாதேண்ணு சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டேன்."

"குழந்தை ஒண்ணு வந்திருக்குமே?"

"தொட்டில்ல கெடந்தீங்க. நரைச்ச முடி, கண்ணாடி, எல்லாம் உண்டு."

நான் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக வாயில் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். "ஏட்டி, அப்பம் பிரசவ வார்டு?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அதுவும் நீங்கதான் டீச்சர். நிறைமாசம் ஆக்கும். நான் கையைப் பிடிச்சிட்டு நின்னேன்."